தண்ணி ஒரு அத்தியாயம், நாம இன்னொரு அத்தியாயம்

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள சென்னை மாநகராட்சி ஒரு செயல்திட்டம் எழுதியிருக்கிறது. வரைவு 2022 செப்டம்பரில் வந்தது, முதலில் ஆங்கிலத்தில் மட்டும். மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். எந்த மக்கள்? அடையாறு கடலில் விழுகிற முகத்துவாரத்தில், சீனிவாசபுரத்தில் மீன் விற்கிற அம்மாவா? பலர் சத்தம் போட்ட பிறகுதான் தமிழில் போட்டார்கள். 2023இல் இறுதி வடிவமும் வந்துவிட்டது.

ஒரு நாவலைப் படிப்பதுபோலத்தான் அதைப் படித்தேன். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டே. 2100க்குள் நகரத்தில் 16 சதவீத நிலம் தண்ணீருக்குள் போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு துறைகளாகப் பிரித்ததில் வெள்ளம் ஒரு துறை, எளிதில் பாதிக்கப்படும் மக்கள் இன்னொரு துறை. தண்ணி ஒரு அத்தியாயம், நாம இன்னொரு அத்தியாயம். இங்கேதான் இடிக்கிறது.

நான் ஒரகடம் பக்கத்துச் சேரிக்காரன். எங்க தாத்தா ஏரிக்கு நீர்க்கட்டி. மதகு எப்போ தெறக்கணும், எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம், கோடி போனா தண்ணி எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம் அவர் தலைக்குள்ள. கழனி மட்டும் அவருது இல்ல. கூலி, களத்துல அளந்து போட்ட நெல்லு. அடைமழையில் நடுராத்திரி கரைமேல் நின்றவரும் அவர்தான். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை நடத்தியவனுக்கு இந்தப் பிரதி கொடுத்திருக்கிற பெயர் ‘பாதிக்கப்படுபவன்’. அறிவாளி அதிகாரி, அனுதாபத்துக்குரியவன் நான். பழைய கதைதான், புது பைண்டிங்.

படப்பை, மணிமங்கலம், ஆதனூர் ஏரித் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் செம்பரம்பாக்கம். அது திறந்தால் மறுபடி அடையாறு. 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஒரகடம்வரை கழனியும் மேய்க்காலும் கம்பெனித் தரையாகின. மழையை உறிஞ்ச மண் குறைந்துபோச்சு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறையே சொன்னது. அந்த அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தது. திட்டமோ மாநகராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஆறே இல்லையா?

வெள்ளத்துக்குத் தண்டனை யாருக்கு? ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு. பிரித்து, லாரியில் ஏற்றி, பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பள்ளம். மழை வந்தா அங்கேயும் முழங்கால் தண்ணி.

கருத்துக் கேட்பு என்றால் ஏசி ரூமில் மைக் நீட்டுவதில்லை. சேரியில், குப்பத்தில் கூட்டம் போடட்டும். நீர்க்கட்டியும் சீனிவாசபுரத்துப் பெண்களும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரட்டும். சொன்னதை எழுதி, தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். வேணாம்னு அவங்க சொன்னா, அதையும் தீர்மானமா எழுதணும்.