விருப்பமும் வாசற்கதவும்: ஹெர்பர்ட் கான்ஸின் புறநகர் நூல்

புறநகரைப் பழித்து எழுதியவர்களில் பலர் அங்கே குடியிருந்ததில்லை. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், அவற்றுள் ஒரே அச்சில் வார்த்த மனிதர்கள் என்பது 1950களின் அமெரிக்க விமர்சகர்கள் பலர் சோதிக்காமலே ஏற்ற முடிவு. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸின் ‘தி லெவிட்டவுனர்ஸ்’ (1967) அந்த முடிவைக் களத்தில் வைத்து உரசிப் பார்த்தது.

பிலடெல்பியாவை அடுத்து, நியூ ஜெர்சியில், வீடு கட்டி விற்கும் லெவிட் நிறுவனம் எழுப்பிய லெவிட்டவுன் என்ற ஊரில் 1958இல் கான்ஸ் தாமே ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். இரண்டு ஆண்டுகள் இருந்தார். வினாநிரல் அனுப்பினார், வீடு வீடாகப் பேசினார், ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார். மக்கள் இங்கே வந்ததால் மாறினார்களா, மாற விரும்பியதால் வந்தார்களா என்பதே அவருடைய கேள்வி. சான்றுகள் பெரிதும் இரண்டாவதன் பக்கமே சாய்ந்தன. பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் இடம், வாடகையிலிருந்து விடுதலை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு புது வீடு: ஆசை முன்னமே இருந்தது, புறநகர் அதற்கு இடம் தந்தது. எளிய விடைதான், அதை இவ்வளவு பொறுமையாக நிறுவியவர் வேறொருவரை நான் படித்ததில்லை.

பரிவு அவர் கண்ணை மறைக்கவில்லை. பதின்ம வயதினரைப் பற்றிய பக்கங்களைப் பாருங்கள். நண்பர்களை அழைத்துவந்து பேச முடியாத சிற்றறை, ஓசையைத் தடுக்காத சுவர், கார் இல்லாவிட்டால் போக்கிடமற்ற ஊர். சிறு பிள்ளைகளை நினைத்துக் கட்டிய வீடு, அவர்கள் வளர்வார்கள் என்பதை நினைக்கவில்லை. தாய்வீட்டைப் பிரிந்து, பகல் முழுதும் கார் இல்லாமல் வீட்டில் அடைபட்ட தொழிலாளர் குடும்பப் பெண்களின் தனிமையும் பதிவாகியிருக்கிறது. தம் முடிவுக்கு இடைஞ்சலான சான்றை ஒளிக்காத நேர்மை இது.

குறை ‘விருப்பம்’ என்ற கருத்தாக்கத்தில் இருக்கிறது. கறுப்பினத்தவருக்கு லெவிட் நிறுவனம் வீடு விற்க மறுத்தது. நீதிமன்றத்தில் தோற்ற பிறகே, 1960இல், கதவு திறந்தது. கான்ஸ் இதை மழுப்பவில்லை. ஆனால் அவருடைய ஆய்வு, வந்து சேர்ந்தவர்களின் விருப்பத்தை அளந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் விருப்பம் அளவைக்கு வெளியே நின்றது. 1934 முதல் கூட்டரசின் வீட்டுக்கடன் காப்பீடு வெள்ளையரின் புதுப் புறநகர்ப் பக்கமே சாய்ந்திருந்தது என்பதும் அவருடைய விளக்கத்தின் மையத்துக்கு வரவில்லை. அதை மையப்படுத்தியது வரலாற்றாசிரியர் கென்னத் ஜாக்சனின் ‘கிராப்கிராஸ் ஃபிரான்டியர்’ (1985). ஆனால் கடனும் சாலையும் துலங்கும் ஜாக்சனின் பக்கங்களில், வீடு வாங்கும் குடும்பத்தின் மனம் அவ்வளவு துலங்கவில்லை.

ஏன் விரும்பினார்கள் என்ற கேள்விக்குக் கான்ஸின் விடை இன்றும் நிற்கிறது. யாரால் விரும்பியதை அடைய முடிந்தது என்பதற்கு அவரிடம் இருப்பது பாதி விடை. அந்த ஊர் 1963இல் வாக்களித்து வில்லிங்பரோ என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. இன்று அங்கே கறுப்பினத்தவரே பெரும்பான்மையினர். அதே தெருக்களில், அதே வினாநிரலோடு மீண்டும் இரண்டு ஆண்டுகள் குடியிருந்து எழுதிய ஒரு நூலைப் படிக்க ஆசைப்படுகிறேன்.