ஓ'மாலி நாட்டின் நிழற்படங்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், தீவுகள் நிறைந்த கிளூ விரிகுடாவைச் சூழ்ந்து கிடக்கும் நிலம் ஒரு காலத்தில் ஓ'மாலி குலத்தாருக்கு உரியதாயிருந்தது. நிலத்திலும் கடலிலும் வல்லோர் என்பது அவர்கள் கேடயத்தில் பொறித்த இலத்தீன் வாசகத்தின் பொருள். அக்குலப் பெயரைத் தாங்கியோர் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்லாயிரவர். கோடைதோறும் அவர்களிற் பலர் முன்னோர் மண்ணைக் காண வருகின்றனர். வந்து படம் பிடித்துச் செல்கின்றனர். அப்படங்களை எவரும் கலையாக மதித்துத் திறனாய்வு செய்வதில்லை. எனினும் மதிப்பிடத் தக்கவை என்றே நாம் கருதுகிறோம். தன் வேர் எது என்று ஒருவன் நம்புகிறான் என்பதை, அவன் சொற்களைக் காட்டிலும் அவன் பிடித்த படங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றன.

இப்படங்களுள் திரும்பத் திரும்ப வருவது ராக்ஃப்ளீட் கோட்டை. கடல்நீர் அடிச்சுவரைத் தொடும் இடத்தில், நான்கு மாடி உயரத்தில், தனித்து நிற்கும் சதுரக் கோபுரம் அது. 16ஆம் நூற்றாண்டில் கப்பல்களை நடத்திய கிரேஸ் ஓ'மாலி என்னும் வீரமங்கை வாழ்ந்த இடம். 1593இல் இங்கிலாந்து சென்று முதலாம் எலிசபெத் அரசியை நேரில் கண்டு வழக்குரைத்தவர் அவர். கோபுரத்தின் முன் பேரப்பிள்ளைகளை நிறுத்தி, 'எங்கள் முன்னோர் இல்லம்' என்று எழுதிவைக்கிறார்கள். ஆனால் இக்கோட்டை ஓ'மாலிகள் கட்டியதன்று. அது பர்க் குலத்தாருடையது. கிரேஸ் தம் இரண்டாம் மணத்தின் வழியாக அங்கு வந்தவர். கணவரை வெளியே நிறுத்திக் கதவடைத்துக் கோட்டையைத் தமதாக்கிக்கொண்டார் என்று மரபுக்கதை கூறும். (மருமகளாய் வந்த வீட்டைப் பிறந்த வீடென்று பேரர்கள் கொண்டாடுவதை அந்த அம்மையார் கண்டால் நகைத்திருப்பார்.)

குலத்தின் சொந்தக் கோபுரங்கள் வேறிடங்களில் உள்ளன: அக்கில் தீவின் கில்டாவ்னெட்டில் ஒன்று, கிளேர் தீவுத் துறைமுகத்தில் ஒன்று. பின்னது 19ஆம் நூற்றாண்டில் கடலோரக் காவல் நிலையமாக மாற்றப்பட்டு உருமாறியது. அதைப் படம் பிடிப்போர் ஒப்புநோக்கக் குறைவு. அழகில் அது ராக்ஃப்ளீட்டுக்கு ஈடாகாது என்பதே காரணம் போலும்.

அழகு என்னும் இந்த அளவுகோலைத் தந்தவர் யார்? ஜான் ஹைண்ட் என்பாரை இங்கு நினைக்க வேண்டும். 1950களின் பிற்பகுதி முதல் அவருடைய டப்ளின் நிறுவனம் வெளியிட்ட வண்ண அஞ்சலட்டைகள் உலகெங்கும் சென்றன. செந்தலைச் சிறுவர் இருவர், கரிமண் கூடை சுமந்த கழுதை, மேலே மாசற்ற நீலவானம். அதுவே அயர்லாந்து என்று ஆயிற்று. அச்சில் நிறங்களைக் கூட்டினார்கள். கண்ணுக்கு உறுத்தும் பொருள் குறுக்கிட்டால் பூங்கிளையை வெட்டி வந்து முன்னே வைத்து மறைத்தார்கள். ஹைண்டைப் பழிப்பது நம் நோக்கமன்று. விற்பதற்கென்று செய்த பொருள், நேர்த்தியாகவே செய்தார். ஆனால் முன்னோரைத் தேடி வரும் பேரனும் அதே பூங்கிளையைக் கையில் ஏந்தி வருகிறானே, அதுதான் நம்மை வருத்துகிறது.

முரிஸ்க் சிற்றூருக்குப் போவோம். ஓ'மாலி ஒருவர் அளித்த நிலத்தில் 1450களில் எழுந்த அகுஸ்தினார் சபை மடம் கூரையிழந்து அங்கே நிற்கிறது. பின்னால் புனித பேட்ரிக் நோன்பிருந்த மலையென்று போற்றப்படும் குரோ பேட்ரிக், 764 மீட்டர். சூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர், சிலர் வெறுங்காலுடன், அதில் ஏறுகின்றனர். மலையடிவாரத்தில் 1997இல் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்துவைத்த பஞ்ச நினைவுச் சின்னம்: ஜான் பீகன் வடித்த வெண்கலக் கப்பல், பாய்மரக் கயிறுகளுக்குப் பதிலாக எலும்புக்கூடுகள். இக்கப்பலையும் பின்னணியில் மலையையும் சேர்த்தெடுக்கும் படம், நாம் கண்டவற்றுள் மிகவும் நேர்மையானது. அதை எடுப்பவன் அழகைத் தேடினாலும் எலும்புகளுக்குத் தப்ப முடிவதில்லை.

ஏனெனில் இம்மண்ணின் மக்களைக் கடல் கடத்தியது வீரமன்று, பசி. 1841இல் மேயோவின் மக்கள் தொகை 3,88,887. பத்தாண்டுக்குப் பின் 2,74,499. 1849 மார்ச்சில் லூயிஸ்பர்க்கில் கூடிய பட்டினி மக்கள், தங்களுக்கு உதவி தகுமா என்று சோதிக்கப்படுவதற்காக டெல்ஃபி மாளிகைக்கு நடந்து வருமாறு பணிக்கப்பட்டனர். மலைகளுக்கிடையே டூலோ ஏரியோரமாக நடந்து சென்றவர்களுக்கு அங்கே எதுவும் கொடுக்கப்படவில்லை. திரும்பும் வழியில் பலர் வீழ்ந்து மாண்டனர். இதுவும் பழைய ஓ'மாலி நாடே. இன்று அப்பள்ளத்தாக்கு மேயோவின் பேரழகு மிக்க இடங்களுள் ஒன்று. ஏரியின் ஒளியைப் பிடிக்க வண்டிகள் நிற்கின்றன. சாலையோரத்துச் சிறு கற்சிலுவை படத்துக்குள் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஒளியைக் காட்டும் படத்தில் அந்த நடையைக் காட்ட எந்த நிழற்படக் கலைஞனாலும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பஞ்சம் வந்தபோது நிழற்படக்கலை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்பசியின் முகத்தை நாம் அறிவது 1847இல் ஜேம்ஸ் மகோனி இலண்டன் இதழொன்றுக்கு வரைந்த சித்திரங்களின் வழியாகத்தான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அக்கில் தீவின் ஸ்லீவ்மோர் மலைச்சரிவில் கூரையற்ற கல்வீடுகள் எண்பதுக்கு மேல் வரிசையாய் நிற்கின்றன. படம் எடுத்தவர்கள் 'பஞ்சம் அழித்த ஊர்' என்று தலைப்பிட்டுவிடுகிறார்கள். உண்மை இத்துணை எளிதன்று. ஊர் சிறிதுசிறிதாகக் கைவிடப்பட்டது; அதன் பின்னரும் கோடையில் மாடு மேய்க்க வந்தோர் 20ஆம் நூற்றாண்டிலும் சில வீடுகளில் தங்கினர். பெருமைக்கு மட்டுமன்று, துயரத்துக்கும் பூங்கிளை உண்டு.

படத்துக்குக் கீழே எழுதும் சொல் எவ்வளவு முதன்மையானது என்பதற்கு நம் திருச்சபையின் மைந்தர் ஒருவரே சான்று. கார்க் நகரில் பிறந்த இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் பிரவுன் (1880–1960), 1912இல் குருமாணவராய் இருந்தபோது டைட்டானிக் கப்பலில் சவுத்தாம்டனிலிருந்து குயின்ஸ்டவுன் வரை பயணம் செய்தார். மேலாளர் தந்தி மூலம் இறங்கிவிடுமாறு ஆணையிட, கீழ்ப்படிந்து இறங்கினார். உயிரும் படங்களும் தப்பின. அவர் இறந்து கால் நூற்றாண்டு சென்றபின் ஒரு பழைய பெட்டியில் ஏறத்தாழ 42,000 படச்சுருள் பதிவுகள் கண்டெடுக்கப்பட்டன. அயர்லாந்தின் ஊர்களும் தெருக்களும் தொழிலாளரும் பிள்ளைகளும் அவற்றில் உள்ளனர். டைட்டானிக் படங்களால் அவர் புகழ் பெற்றார். எனினும் அவர் பெருமை, இடமும் நாளும் குறித்து வைத்த பொறுமையில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. குறிப்பில்லாத படம் யாருக்கும் உறவாகிவிடும். ஆகவே யாருக்கும் உறவன்று.

குலத் தலைவரின் இரத்தம் தம்முள் ஓடுகிறது என்று நம்புவோரிடம் ஒன்று கூறலாம். அக்குலப் பெயர் கொண்டோருள் பெரும்பாலோர் கோட்டையில் வாழ்ந்தவர் அல்லர்; உழுதும் மீன்பிடித்தும் வாடகை கொடுத்தும் வாழ்ந்தவர்கள். கிரேஸ் ஓ'மாலியையே அயர்லாந்தின் புகழ்பெற்ற ஆண்டுக்குறிப்பு நூல் சொல்லாது விட்டது. ஆங்கில அரசின் கோப்புகளே அவரைக் காத்தன. ஏழைகளின் பெயரை எழுதிவைத்தவர் யார்? 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 19ஆம் நூற்றாண்டு முற்பகுதியின் குடிமதிப்புக் கணக்குகள் பெரும்பாலும் சாம்பலாயின. கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு ஏடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்தமையால் பிழைத்தன. மேற்குப் பகுதியில் பல ஏடுகள் 19ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. மை மங்கி, ஈரம் பட்டு, சில பக்கங்கள் படிக்கவே இயலா. தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து, 2015 சூலையில் மூன்று இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கட்டணமின்றி எவரும் காணுமாறு கணினியில் திறந்து வைத்தது.

அழகென்று அவற்றில் ஏதுமில்லை. கருப்பு வெள்ளை, சாய்ந்த கையெழுத்து, அங்கங்கே மைக்கறை. குழந்தையின் பெயர் இலத்தீனில், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் இருவர், சிலவற்றில் குடியிருந்த சிற்றூரின் பெயர். கோட்டையின் முன் பிள்ளைகளை நிறுத்திய குடும்பம், அன்றைய இரவே தங்கும் விடுதியில் அமர்ந்து இப்பக்கங்களைப் புரட்டலாம். ஓ'மாலி என்று தொடங்கும் வரியில் விரல் நின்றால், அருகில் எழுதப்பட்டிருக்கும் சிற்றூர் பெரும்பாலும் வண்டியில் சிறிது நேரத்தில் சேரக்கூடிய தொலைவில்தான் இருக்கும்.