டூபுவா மண்டியிட்டது ஏன்?

2020 நவம்பர் 28 அன்று இரவு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள சர்ச் ஹவுஸ் மண்டபத்தில் அந்தக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. கொரோனா காலம், பார்வையாளர்கள் இல்லை. பத்தாவது சுற்றில் ஜோ ஜாய்ஸின் இடக்கை நேர்க்குத்து ஒன்று டேனியல் டூபுவாவின் முகத்தில் விழுந்தது. அதுவரை வாங்கிய குத்துகளிலேயே அவருடைய இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. இந்தக் குத்து அவரைச் சாய்க்கவில்லை. அவரே ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்தார். நடுவர் பத்து வரை எண்ணி முடிக்கும்வரை எழவில்லை.

23 வயது, 15 போட்டி, 15 வெற்றி, அதில் 14 நாக் அவுட். பிரிட்டனின் அடுத்த ஹெவிவெயிட் சாம்பியன் என்று கொண்டாடப்பட்டவர். அந்த ஒரு முழங்கால் ஊன்றலுக்குப் பிறகு பேச்சு மாறியது. 'பாதியில் விட்டுவிட்டான்', 'மனத்திடம் இல்லாதவன்' என்றார்கள். சொன்னவர்களில் ரிங்கில் அடிபட்டுத் தெரிந்த முன்னாள் வீரர்களும் இருந்தார்கள் என்பதால் அந்தக் குற்றச்சாட்டை அலட்சியமாகத் தள்ள முடியாது. மருத்துவமனையில் தெரியவந்தது இது: இடது கண்குழி எலும்பு முறிந்திருந்தது, நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தது.

கண்குழியின் வெளி விளிம்பு தடித்த எலும்பு. அதன் அடித்தளமும் மூக்கை ஒட்டிய உட்சுவரும் காகிதம்போல மெல்லியவை. கண்மேல் முஷ்டி மோதும்போது குழிக்குள் அழுத்தம் ஏறி, அந்த மெல்லிய தளம் உடைகிறது. விரிசலுக்குள் கண்ணைச் சுழற்றும் தசை சிக்கிக்கொண்டால் கண் மேலே திரும்பாது. ஒரே எதிராளி இருவராகத் தெரிவார். சிலருக்குக் குமட்டலும் நாடித்துடிப்புக் குறைவும் வரும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை அழுத்தினால் பார்வையே போகலாம். டூபுவாவுக்கு இவை எல்லாம் நேர்ந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் முறிந்த கண்குழியோடு நிற்கும் எவருக்கும் அடுத்த குத்து இவற்றில் எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். இடது கண் மூடியிருந்தால், ஜாய்ஸைப் போன்ற வலக்கைக்காரரின் பலமான கை வரும் பக்கமே இருண்டுவிடுகிறது. தூரம் கணிக்க முடியாது. வருவது தெரியாமல் வாங்கும் குத்துதான் தலைக்கு மிகவும் ஆபத்தானது.

எதிர்வாதத்தின் வலுவான பகுதி இதுதான்: முகம்மது அலி 1973-இல் கென் நார்ட்டனோடு மோதியபோது தாடை உடைந்த நிலையிலும் பன்னிரண்டு சுற்றும் முடித்தார். அப்படியானால் டூபுவாவால் ஏன் முடியாது? இந்த ஒப்பீடு எனக்கு ஏற்புடையதல்ல. உடைந்த தாடை வலிக்கும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கலாம். பார்வை அப்படியல்ல. போன பார்வையை எந்தத் துணிச்சலும் திருப்பித் தராது. தவிர, காயத்தோடு நின்று தப்பியவர்களின் கதைகளே நமக்கு மாலை மரியாதையோடு வந்து சேர்கின்றன.

தப்பாதவர் ஒருவரைச் சொல்கிறேன். 1995 பிப்ரவரியில் லண்டனில் நைஜல் பென்னை எதிர்த்தார் அமெரிக்கரான ஜெரால்ட் மெக்லெலன். போட்டியின்போதே விடாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார். பத்தாவது சுற்றில் இருமுறை முழங்காலிட்டார். இரண்டாம் முறை எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. ஒளிபரப்பு வர்ணனையில் அதுவும் 'விட்டுக்கொடுத்தல்' என்றே பேசப்பட்டது. சில நிமிடங்களில் தன் மூலையில் சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டு. உயிர் பிழைத்தார், பார்வை போனது, கேட்கும் திறனில் பெரும்பகுதி போனது. ரிங்கில் முழங்காலிடுபவரின் மனதை வெளியிலிருந்து படிக்க முடியும் என்று நம்புகிறவர்கள் அந்த வர்ணனையை மறுபடி கேட்க வேண்டும்.

இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. மனத்திடக் குறைவு ஒருவரின் இயல்பு என்றால் அது மறுபடியும் வெளிப்பட வேண்டும். 2022 டிசம்பரில் கெவின் லெரேனாவுடன் மோதிய போட்டி அதற்கு நல்ல சோதனை. முதல் சுற்றிலேயே டூபுவா மூன்று முறை தரையைத் தொட்டார். முழங்கால் தசைநார் கிழிந்து, கால் உடம்பைத் தாங்க மறுத்தது. தோற்றுப்போக அதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை. அந்த நொண்டும் காலோடு எழுந்து, மூன்றாம் சுற்றில் லெரேனாவை வீழ்த்தி முடித்தார். மனத்திடமில்லாதவர் என்ற முத்திரை அங்கேயே பொய்யாகிவிட்டது என்பேன்.

2023 ஆகஸ்டில் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் உலக சாம்பியன் உசிக்கிடம் தோற்றதை மட்டும் இந்தக் கணக்கில் அவ்வளவு எளிதாக வைக்க முடியவில்லை. ஐந்தாம் சுற்றில் டூபுவாவின் குத்து உசிக்கைத் தரையில் உட்காரவைத்தது. நடுவர் அதை இடுப்புக்குக் கீழே விழுந்தது என்றார். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. ஆனால் எட்டாம் சுற்றில் விழுந்து எழுந்தவர், ஒன்பதாம் சுற்றில் முழங்காலில் இருந்தபடியே எண்ணி முடிக்கப்பட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. அன்று அவர் எழ விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. களைப்பும், வழி தெரியாத நிலையும் சேர்ந்து அவரை உட்காரவைத்தன. விமர்சகர்களுக்கு ஒரு ஆதாரம் உண்டென்றால் அது இந்த இரவு, 2020 இல்லை. அதுவும் குணக்கேடு அல்ல என்பதற்கு நான்கே மாதத்தில் பதில் வந்தது: 150 கிலோ எடையுள்ள ஜாரெல் மில்லரைப் பத்தாவது சுற்றின் கடைசி நொடிகள்வரை துரத்தி நிறுத்தினார். 2024 ஜூனில் ஹர்கோவிச்சின் வலக்கையைத் தொடக்கத்திலேயே பலமாக வாங்கியும் பின்வாங்காமல் எட்டாம் சுற்றில் வென்றார். செப்டம்பரில் வெம்பிளியில் சுமார் 96,000 பேர் முன்னால் ஆண்டனி ஜோஷுவாவை ஐந்தாம் சுற்றில் சாய்த்தார். 2025-இல் உசிக்கிடம் மறுபடி தோற்றது திறமை வேறுபாட்டால்.

அந்த முறிவு அவரை நிரந்தரமாகப் பாதித்துவிட்டது என்ற 'நிலையான காயம்' தரப்பும் இங்கே எடுபடாது. கண்குழி முறிந்த ஏழாம் மாதமே திரும்பி வந்து, போக்டான் டினுவை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். இன்னொரு பிரிட்டிஷ் வீரரான கெல் புரூக்கின் கதை வேறு: 2016-இல் கோலோவ்கின் அவருடைய வலது கண்குழியை உடைத்தார், எட்டே மாதத்தில் ஸ்பென்ஸ் இடது கண்குழியை உடைக்க, பதினோராம் சுற்றில் புரூக் மண்டியிட்டார். ஒருமுறை அறுவை சிகிச்சை மேசையில் கிடந்தவருக்கு அடுத்த குத்தின் விலை தெரியும். அந்த அறிவைக் கோழைத்தனம் என்று அழைப்பது அநியாயம். டூபுவாவுக்கோ அப்படி ஒரு முன்னனுபவம்கூட இல்லை. 23 வயதில், முதல் தோல்வியின் நடுவில், தானாகவே அந்த முடிவுக்கு வந்தார்.

ஆகவே என் தீர்ப்பு: ஜாய்ஸிடம் டூபுவா தோற்றது அன்று ஏற்பட்ட காயத்தால்; நிலைத்த காயத்தாலும் அல்ல, மனக்குறையாலும் அல்ல. அந்த இரவில் குறை சொல்லத் தகுந்த இடம் ஒன்று இருக்கிறது. அது அவருடைய மூலை, அதாவது அவருடைய பயிற்சியாளர் குழு. சுற்றுக்குச் சுற்று அந்தக் கண் மூடிக்கொண்டே வந்ததை எல்லோரையும்விடக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அவர்கள். ஒன்பது சுற்றுக்குப் பிறகும் போட்டியை நிறுத்தத் துண்டை வீசாமல், போதும் என்று சொல்லும் பொறுப்பை ஒரு கண்ணில் பார்வையில்லாத இளைஞர்மேல் சுமத்தியவர்கள் அவர்கள்தாம். புரூக்கின் மூலை கோலோவ்கின் போட்டியில் ஐந்தாம் சுற்றிலேயே துண்டை வீசியது. அதனால் அன்று புரூக்கை யாரும் புறமுதுகு காட்டியவர் என்று சொல்லவில்லை.