எம்1 ஏரா, எம்2 ஏரா? காஞ்சிபுரத்துக் கடைக்கும் தறிக்கும் ஒரு மடிக்கணினி

ஆப்பிளின் மேக்புக் ஏர் 2022 ஜூலையில் புது உருவத்தில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஏர் 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் வெளியானது. சிப் முற்றிலும் புதிது என்றாலும் அந்த மாடலின் வெளித்தோற்றம் பழையதுதான்: பின்பக்கம் 1.61 செ.மீ. கனத்தில் தொடங்கி முன்பக்கம் 0.41 செ.மீ. வரை ஆப்புபோலச் சரியும் அலுமினிய உடல். எம்2 ஏரில் அந்தச் சரிவு போய்விட்டது. எங்கு அளந்தாலும் 1.13 செ.மீ. கனமுள்ள தட்டைப் பலகை அது. இந்தியாவில் எம்1 92,900 ரூபாய்க்கும் எம்2 1,19,900 ரூபாய்க்கும் அறிமுகமாயின. எம்1 விற்பனையை 2024 மார்ச்சிலும் எம்2 விற்பனையை 2025 மார்ச்சிலும் ஆப்பிள் நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்று இவற்றில் ஒன்றைத் தேடுபவர் கடைகளில் தங்கிப்போன சரக்கையோ பிறர் பயன்படுத்தியதையோதான் வாங்க வேண்டியிருக்கும். ஒரு லட்சம் கொடுத்துப் புதியது வாங்க மனமில்லாத சிறு வியாபாரிக்கும் டிசைன் வரைபவருக்கும் கல்லூரி மாணவருக்கும் எழும் கேள்வி இது: பழைய உருவமா, புதிய உருவமா?

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, இங்கே கணினி என்னென்ன வேலை பார்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காந்தி ரோடு பட்டுக் கடைகளில் பில் போடவும் கணக்கு வைக்கவும் கணினி வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளின் தறிகளுக்குக் கரை, புட்டா, முந்தி வரைந்து தருபவர்களுக்கும் அது வேண்டும். இப்போது மூன்றாவதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது: புடவையைப் படமாகவும் காணொளியாகவும் எடுத்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவது. இந்த மூன்றில் சிப்பின் வேகத்தைக் கேட்பது கடைசி வேலை மட்டுமே.

தறிக்கு டிசைன் போடுவது நெசவில் மிக நுணுக்கமான வேலை என்பதால் அதற்குப் பெரிய கணினி தேவை என்ற நினைப்பு உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. முன்பு கட்டம் போட்ட கிராப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டி, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தினார்கள். கணினியில் அந்தக் கட்டம்தான் பிக்சல். குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஜக்கார்டு என்ற தறிக் கருவியில் ஒரு கொக்கி. நெடுக்கே ஒரு வரிசை என்றால் ஓர் ஊடை, அதாவது ஓர் அட்டை. 480 கொக்கிகளில் 2,000 அட்டை ஓடும் ஒரு கரைக்கு மொத்தம் 9,60,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் சொல்வது கொக்கியைத் தூக்கு, தூக்காதே என்ற இரண்டில் ஒன்றைத்தான். எனவே கோப்பின் அளவு வெறும் 1,20,000 பைட். செல்பேசியில் சொடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரிது. எம்1-இல் இருப்பது 1,600 கோடி டிரான்சிஸ்டர், எம்2-இல் 2,000 கோடி. யாளியையோ அன்னத்தையோ கட்டத்தில் ஏற்றும் வேலையில் அந்த 400 கோடி வித்தியாசம் கண்ணில் படவே படாது.

திரையின் அளவு அந்த வேலையில் கொஞ்சம் உதவும். எம்1-இன் திரை 13.3 அங்குலம், எம்2-இன் திரை 13.6. வழக்கமான அமைப்பில் முன்னது குறுக்கே 1,440 புள்ளிகளும் பின்னது 1,470 புள்ளிகளும் காட்டும். ஒரு கட்டத்தை 4 புள்ளி அளவுக்குப் பெரிதாக்கினால் எம்1-இல் 360 கொக்கிகள் ஒரே பார்வையில் தெரியும், எம்2-இல் 367. ஏழு கொக்கிக்காக யாரும் கணினி மாற்ற மாட்டார்கள். திரையின் உச்சியில் கேமராவுக்காகச் செதுக்கிய கறுப்புக் காடியைப் பலரும் குறை சொன்னார்கள். மெனு பட்டை அதன் இருபுறமும் ஏறிக்கொள்வதால் வேலைக்கான இடம் குறையவில்லை. சில நாளில் காடி இருப்பதே மறந்துபோகும்.

நிறம்தான் பட்டு வியாபாரத்தின் உயிர். அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். நீலம் என்று பேர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர், பார்சலைப் பிரித்ததும் ‘படத்தில் பார்த்த நிறம் இதில்லையே’ என்றால் புடவை திரும்பி வரும். இந்த விஷயத்தில் இரண்டு மடிக்கணினிகளும் ஏறக்குறைய சமம். இரண்டுமே பி3 எனப்படும் விரிந்த நிறப் பரப்பைக் காட்டுபவை. எம்2-இன் பிரகாசம் 500 நிட், எம்1-இன் பிரகாசம் 400 நிட். தெருவைப் பார்த்த கடை முகப்பில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் அந்த 100 நிட் உதவும். உள்ளறையில் டியூப்லைட்டுக்குக் கீழே உதவாது. இரண்டிலும் திரை கண்ணாடிபோல் பளபளப்பதால் பின்னால் எரியும் விளக்கு அதில் விழும். புடவைப் படத்தில் நிறம் திருத்தும்போது இரண்டு மாடல்களிலும் ட்ரூ டோன், நைட் ஷிப்ட் ஆகிய வசதிகளை அணைத்துவிட வேண்டும். அறை வெளிச்சத்துக்கோ நேரத்துக்கோ ஏற்பத் திரையை மஞ்சளாக்கும் அந்த வசதிகளை நம்பித் திருத்தினால் மாம்பழ மஞ்சளும் மஞ்சள்கிழங்கு நிறமும் இடம் மாறிப்போகும். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமான மயில்கழுத்துப் பட்டைச் சரியாகப் பிடிப்பது கேமராவுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள சிக்கல். எந்தத் திரையை வாங்கினாலும் அது தீராது.

புது உருவம் உண்மையாகவே பயன் தருவது இணைப்புத் துளைகளில். இரண்டு மாடல்களிலும் யுஎஸ்பி-சி துளை இரண்டுதான், இரண்டும் இடப்பக்கம். எம்1-இல் அவற்றில் ஒன்று சார்ஜருக்குப் போய்விடும். எம்2-இல் மேக்சேஃப் என்ற காந்த இணைப்பு தனியாக வந்திருப்பதால் சார்ஜ் ஏறும்போதும் இரண்டு துளைகளும் வேலைக்குக் கிடைக்கும். மின்னணு ஜக்கார்டுக்கு டிசைனைப் பென்டிரைவில்தான் கொண்டுபோவார்கள். புழக்கத்தில் உள்ள பென்டிரைவ்கள் பெரும்பாலும் பழைய செவ்வக வாய் கொண்டவை. எதை வாங்கினாலும் ஒரு ஹப் கூடவே வாங்க வேண்டும். எம்1-இல் துளை நெருக்கடி அதிகம். காந்த இணைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. பட்டுக் கடையில் மெத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்துதான் புடவையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். குறுக்கே ஓடும் சார்ஜர் வயரில் கால் தட்டினால் எம்2-இல் வயர் மட்டும் கழன்று விழும். எம்1-இல் வயரோடு மடிக்கணினியும் வரும்.

எடைக் குறைப்பு விளம்பரத்துக்கு மட்டுமே ஆகும். 1.29 கிலோவுக்கும் 1.24 கிலோவுக்கும் இடையே 50 கிராம். ஒரு மார்க் ஜரிகையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. கேமரா 720பி-யிலிருந்து 1080பி-க்கு உயர்ந்தது நல்லதுதான் என்றாலும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காணொளி அழைப்பில் புடவை காட்டச் செல்பேசிதான் வசதி. ஒலிபெருக்கி நான்கானதும் அப்படியே. பேட்டரி 49.9 வாட்-மணியிலிருந்து 52.6-க்கு ஏறியது. காணொளி ஓட்டினால் இரண்டுமே 18 மணி நேரம் தாங்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. மின்வெட்டு நாளில் இரண்டில் எதுவும் கைவிடாது.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த இரண்டு மாடல்களுக்கும் ஆப்பிள் குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரத்தின் பகல் அந்த மேல் எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டுக்கும் உள்ளே விசிறி கிடையாது. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பில் போடுவதிலும் கட்டம் நிரப்புவதிலும் இது தெரியாது. அரை மணி நேரக் காணொளியைத் தொடர்ந்து மாற்றி எழுதும்போது தெரியும். எம்2 வேகமானது என்றாலும் அதிகம் சூடாவதால், நீண்ட வேலையில் தன் வேகத்தைக் கூடுதலாக இழக்கிறது. ஆப்பிள் சொன்ன 18 சதவீத வேக உயர்வு குளிரூட்டிய அறைக்குப் பொருந்தும், ஓட்டு வீட்டு நண்பகலுக்கு அப்படியே பொருந்தாது. விசிறி இல்லாததில் ஓர் ஆதாயமும் உண்டு. தறி ஓடும் இடத்தின் நூல் தும்பை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும் வேலை இவற்றில் இல்லை.

பலர் கவனிக்காமல் ஏமாறும் இடம் எஸ்எஸ்டி. எம்1-இன் 256 ஜிபி மாடலில் இரண்டு நினைவக சில்லுகள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. எம்2-இன் 256 ஜிபி மாடலில் அது ஒற்றைச் சில்லாகிவிட்டது. விளைவாக, பெரிய கோப்பைப் படிக்கும் வேகம் பழைய மாடலில் நொடிக்குச் சுமார் 2,900 எம்பி என்றால் புதியதில் சுமார் 1,500 எம்பி. புது மாடல் பழையதைவிட மெதுவாக இருப்பது இந்த ஒரே இடத்தில்தான், அதுவும் மலிவான எம்2-இல் மட்டும். 512 ஜிபி எம்2-இல் இந்தக் குறை இல்லை. 4கே காணொளி நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும்; ஒரு முகூர்த்த சீசன் முழுக்கப் படம் எடுத்தால் 256 ஜிபி எப்படியும் போதாது. எஸ்எஸ்டியும் ரேமும் பலகையோடு ஒட்டியவை. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

ரேம் இன்னும் முக்கியம். இரண்டும் 8 ஜிபியில் தொடங்கியவை. 2024 அக்டோபர் இறுதியில்தான் ஆப்பிள் எம்2 ஏரின் தொடக்க அளவை 16 ஜிபி ஆக்கியது, விலையைக் கூட்டாமல். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த எம்2 கிடைத்தால் அது நல்ல வேட்டை.

இவ்வளவுக்கும் மேலான கேள்வி, மேக்கே வேண்டுமா என்பது. கடைக்காரர்கள் கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது. நெசவு டிசைனுக்கான மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. இன்டெல் காலத்து மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவலாம். எம்1, எம்2 இரண்டிலும் அந்த வழி அடைபட்டுவிட்டது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குள் ஏஆர்எம் வகை விண்டோஸை ஓட்ட வேண்டும். அதற்கு ரேமில் பாதி போகும். 8 ஜிபி மாடலில் இது திணறல். அதையும் கடந்தால் டாங்கிள் நிற்கிறது. விலை உயர்ந்த டிசைன் மென்பொருள்கள் சில, யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும். அந்த டாங்கிளின் டிரைவர் ஏஆர்எம் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டிருக்காவிட்டால் மென்பொருள் கண் விழிக்காது. தறிக்கு டிசைன் வரைவதே தொழில் என்பவருக்கு எம்1, எம்2 இரண்டையும் விட நல்ல விண்டோஸ் மடிக்கணினியே பொருத்தம். அதைத் தேடித் தூரம் போகவும் வேண்டாம். டெல் நிறுவனம் 2007 முதல் இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் கணினி தயாரித்து வருகிறது.

தமிழில் எழுதுவதற்கு இரண்டிலும் தடையில்லை. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இயங்குதளத்திலேயே உள்ளன.

மேக்தான் என்று முடிவு செய்தவர் ஆயுளைக் கணக்கிட வேண்டும். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ, எம்1-ஐயும் ஏற்கிறது. ஆப்பிள் ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தி ஐந்தாண்டு கடந்த பிறகே அதைப் பழம்பொருள் பட்டியலில் சேர்க்கும். அந்தக் கணக்கில் எம்1-க்கு 2029 வரையும் எம்2-க்கு 2030 வரையும் உதிரிபாகக் கவலை பெரிதாக இல்லை. அறிமுகத்தில் 20 மாத இடைவெளி இருந்தாலும் இந்தக் கணக்கில் வித்தியாசம் ஓராண்டுதான்.

பழையதாக வாங்கும்போது சென்னை ரிச்சி தெருவானாலும் இணையமானாலும் பார்க்க வேண்டியவை ஒன்றே. அமைப்புகளில் பேட்டரியின் நிலையையும் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆப்பிள் இவற்றுக்கு வகுத்த சுழற்சி வரம்பு 1,000. முந்தைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது பூட்டிய பெட்டி. ஐடி நிறுவனங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளில் நிறுவனத்தின் தொலைக் கட்டுப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் அழித்து, இணையத்தில் இணைத்து, முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தால்தான் அது வெளிப்படும். விற்பவர் முன்னாலேயே அதைச் செய்துவிடுவது நல்லது. மிட்நைட் நிற எம்2-இல் விளிம்புக் கீறல் சட்டென்று தெரியும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

தீர்ப்பு இது. ஒரே ரேம், ஒரே சேமிப்பு அளவில் எம்2-இன் விலை எம்1-ஐ விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாதிருந்தால் எம்2 வாங்கலாம். காந்த சார்ஜருக்கும் விடுபடும் அந்த ஒரு துளைக்குமே அது தகும். 8 ஜிபி, 256 ஜிபி கொண்ட எம்2-உம் 16 ஜிபி, 512 ஜிபி கொண்ட எம்1-உம் ஒரே விலையில் எதிரெதிரே நின்றால் பழைய உருவத்தையே எடுக்க வேண்டும். எம்2-க்குக் கேட்கும் விலை 80,000 ரூபாயை நெருங்கினால் இரண்டையும் விட்டுவிடலாம். 2025 மார்ச்சில் எம்4 ஏர் 16 ஜிபி ரேமுடன் 99,900 ரூபாய்க்கு வந்துவிட்டது. டேலியும் டாங்கிளும் வைத்திருப்பவர்கள், பணத்தை எடுக்குமுன் மென்பொருள் கொடுத்தவரிடம் ஏஆர்எம் விண்டோஸில் அது ஓடுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.