பற்றும் பிரிவாற்றாமையும்: இணையவழி உளவளத்துணையின் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு டெலி மானஸ் என்னும் தொலைவழி மனநலச் சேவையைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டில் இச்சேவை 'நட்புடன் உங்களோடு' என்று அறியப்படுகிறது. காணொளி வழியாகப் பேசும் உளவியலாளர்களும் உள்ளனர். சேத்தியாத்தோப்பில் வாழும் ஒருவர் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ செல்லாமல் தம் துயரைச் சொல்ல இன்று வழியுண்டு. ஆனால் முகம் காணாத உரையாடலில் ஆலோசகரின் கையிலுள்ள முதன்மைக் கருவி சொல்லே. வளர்ந்தோருக்கான ஆலோசனையில் பயன்படும் இரு அணுகுமுறைகள் தமிழில் எச்சொற்களால் பேசப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பற்று: குறையா, தேவையா?

ஜான் பௌல்பி 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகள், குழந்தை தன்னைப் பேணுபவரை நாடுவது இயல்பான உயிர்த்தேவை என நிறுவின. 1987இல் ஹசானும் ஷேவரும் இக்கருத்தை வளர்ந்தோரின் காதலுறவுக்கு விரித்தனர். இதைத் தமிழில் பெயர்க்க முயல்வோர்க்குப் 'பற்று' என்னும் சொல் எளிதில் முன்வருகிறது. மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்னும் வழக்குகளில் அது உயர்ந்த பொருள் தருவது உண்மை. ஆனால் மனிதர்மீது கொள்ளும் பற்று என்றவுடன் துறவுநெறியின் தீர்ப்பு உடன்வருகிறது. திருக்குறளின் 35ஆம் அதிகாரம் பற்றைத் துன்பத்தின் காரணமாகவே காண்கிறது. சைவ சித்தாந்தத்தில் பாசம் உயிரைக் கட்டும் தளை. சிதம்பரத்தை ஒட்டி வாழ்ந்த உமாபதி சிவாச்சாரியார் போன்றோர் வளர்த்த அம்மரபின் சாயல், இப்பகுதி மக்களின் பேச்சில் இன்றும் இருப்பது வியப்பன்று.

இதனால் இருவகைத் தீங்கு நேரலாம். துணையின் பிரிவால் கலங்குபவரிடம் 'உங்கள் பற்று பதற்றமுடையது' என்றால் அவர் அதைப் பழியாகக் கேட்பார். நெருக்கத்துக்கு அஞ்சி விலகி நிற்பவரோ தம் காயத்தைப் பற்றின்மை என்னும் பெருமையாக எண்ணிக்கொள்வார். முன்னவர் வெட்கப்படுகிறார், பின்னவர் உதவி தேடாமலே இருந்துவிடுகிறார்.

பிரிவாற்றாமை

அதே திருக்குறளின் 116ஆம் அதிகாரம் பிரிவாற்றாமை. அங்குப் பிரிவுத்துயர் குற்றமாகக் கருதப்படவில்லை. அன்புற்றவரின் இயல்பான நிலையாகப் பேசப்படுகிறது. பௌல்பியின் இரண்டாம் தொகுதி பிரிவைப் பற்றியதே என்பது இங்கு எண்ணத்தக்கது. அகமரபில் தோழியின் 'வற்புறுத்தல்' என்பது கட்டாயப்படுத்துதல் அன்று. ஆற்றாதவளுக்கு வலிமை ஊட்டுதல். ஆலோசகரின் பணிக்கு இதைவிட நெருங்கிய மரபுச்சொல் அரிது.

எனினும் அகமரபை அப்படியே ஏற்பதும் பிழையாகும். ஆற்றியிருத்தல் தலைவிக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கமாகவும் இருந்தது. வன்முறைக்கு ஆளான பெண் அழைக்கும்போது அச்சொல் 'பொறுத்துக்கொள்' என்னும் அறிவுரையாக மாறிவிடக் கூடாது. பிரிவாற்றாமை துயரை விளக்கும் சொல்லாக அமையலாம். ஆற்றியிருத்தலை மருந்தாக விதிக்க இயலாது.

கடைப்பிடி

ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, பௌத்தத் தியானத்தை மருத்துவச் சூழலுக்குக் கொணர்ந்தது. அதன் மையக் கருத்தைக் குறிக்கும் பாலிச் சொல்லான 'ஸதி' நினைவு, மறவாமை என்னும் பொருளடியில் பிறந்தது. இறையனார் களவியல் உரை 'கடைப்பிடி' என்பதற்குக் கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்றே விளக்கம் தருகிறது. 'மனத்தை வெறுமையாக்குங்கள்' என்று சொல்வதினும், 'இப்போது விடும் மூச்சை மறவாதிருங்கள்' என்று சொல்வது தொலைபேசியில் தெளிவாகச் சென்றடையும். ஆயின் அவ்வுரை கடைப்பிடியை ஆடவர் குணங்களுள் ஒன்றாக வைத்து, மகளிர்க்கு அச்சமும் மடமும் நாணமும் பயிர்ப்பும் கூறுகிறது. சொல்லை மீட்கும்போது இப்பாகுபாட்டைக் கைவிட வேண்டும்.

இரண்டு அணுகுமுறைகளையும் இணைக்கும்போது மேலும் ஒரு சிக்கல் எழும். முதலாவது உறவைப் பாதுகாப்பாகப் பற்றச் சொல்கிறது. இரண்டாவது எழும் எண்ணங்களைப் பற்றாமல் நோக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் அழைப்பவர் குழம்புவார். பற்றை விடுவதற்கும் ஒரு பிடிமானம் வேண்டும் என்பதைத் துறவு அதிகாரத்தின் இறுதிக் குறளே ஒப்புக்கொள்கிறது. அக்குறள் காட்டும் பிடிமானம் இறைவன். ஆலோசனையில் அது மனித உறவு. இவ்வேறுபாட்டை மறைக்காமல் பேசுவதே நேர்மை.

முடிவுரை

உறவுத்தேவைக்குப் 'பற்று' என்பதை விடுத்து 'ஒட்டுறவு' என்பதையும், பிரிவின் கலக்கத்துக்குப் 'பிரிவாற்றாமை' என்பதையும், விழிப்புப் பயிற்சிக்குக் 'கடைப்பிடி' என்பதையும் ஆளலாம். சொல் மட்டும் போதாது. உதவி எண்ணை மறுமுறை அழைக்கும்போது அதே ஆலோசகர் கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஒட்டுறவைப் பேசும் ஆலோசனைக்கு இத்தொடர்ச்சி இன்றியமையாதது. தனியறை இல்லாத வீட்டில் அழைப்பவரின் குரலும் தாழ்ந்தே ஒலிக்கும். இக்குறைகளைச் சொற்களால் தீர்க்க இயலாது; ஆயினும் தாழ்ந்த குரலில் பேசுபவருக்குக் கிடைக்கும் முதல் மறுமொழி பழிச்சொல்லாக அமையாதிருக்கச் செய்ய இயலும். அப்பொறுப்பில் தமிழாய்வுக்கும் பங்குண்டு.