பிரேக் உவமை போதுமா?

புற்றுநோயைப் பற்றி எளிய நடையில் எழுதுவோர் பலரும் கையாளும் உவமை ஒன்று உண்டு. உயிரணு ஒரு வண்டி. பெருக்கத்தைத் தூண்டும் மரபணு அதன் ஆக்சிலரேட்டர். புற்றுக்கட்டியை அடக்கும் மரபணு அதன் பிரேக். பிரேக் பழுதானால் வண்டி நிற்காமல் ஓடும், அதுவே புற்றுநோய். கேட்டதும் புரிகிறது. ஆனால், சிறுநீரகப் புற்றுநோய்க்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்?

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளன. தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. சைக்கிளின் இரு பிரேக்குகளைப்போல, ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். 1971இல் ஆல்ஃபிரட் நட்சன், 48 விழித்திரைப் புற்று நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, இரண்டு திடீர் மாற்றங்கள் நேர்ந்தால்தான் அந்நோய் தோன்றும் என்ற கருத்தை முன்வைத்தார். சிறுநீரகப் புற்றில் மிகுதியாகக் காணப்படும் தெளிவணு வகைக்கும் இது பொருந்துகிறது. அங்கே கெடுவது, மூன்றாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் 1993இல் கண்டறியப்பட்ட வி.எச்.எல். மரபணு. ஒரு படி பழுதாகவே பிறந்தவர்களுக்கு இளம் வயதிலேயே, இரு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் தோன்றக்கூடும்.

இனிக் குறை. வி.எச்.எல். புரதத்தின் முக்கிய வேலை உயிரணுப் பெருக்கத்தை நேரே நிறுத்துவதன்று. ஆக்சிஜன் குறையும்போது 'ஹிஃப்' என்னும் புரதம் பெருகி, புதிய இரத்தக் குழாய்கள் வளரக் கட்டளையிடும். ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால் ஹிஃப் மீது ஒரு வேதி அடையாளம் ஏறும். அதை இனங்கண்டு வி.எச்.எல். அதனை அழிவுக்கு அனுப்பும். இந்த ஆக்சிஜன் உணர்வு முறையை விளக்கியதற்காகவே கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். வி.எச்.எல். இல்லையேல், ஆக்சிஜன் நிறைந்திருந்தும் உயிரணு மூச்சுத் திணறுவதுபோலவே நடந்துகொள்ளும். இக்கட்டிகளில் இரத்தக் குழாய்கள் மலிந்திருப்பது இதனால்தான்.

பௌதிக மாணவருக்கு இது இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டை நினைவூட்டும். அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், பெட்டி எவ்வளவு சூடானாலும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும்.

உவமைதானே என்று விட்டுவிடலாமா? கூடாது. பிரேக் அறுந்தது என்றால், அதை மீண்டும் பொருத்துவது ஒன்றே வழி என்று தோன்றும். கோடிக்கணக்கான உயிரணுக்களில் அது எளிதன்று. தெர்மோஸ்டாட் கெட்டது என்றால், மின்சாரத்தை நிறுத்தலாமே என்று தோன்றும். மருத்துவம் சென்றதும் இவ்வழியே. ஹிஃப்-2 ஆல்ஃபாவைத் தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரம்பரை வி.எச்.எல். நோயுடைய 61 பேரிடம் நடந்த ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிறுநீரகக் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின.

தெர்மோஸ்டாட் உவமையும் முழுமையானதன்று. வி.எச்.எல். கெடுவது மட்டும் புற்றுநோய்க்குப் போதாது. பி.பி.ஆர்.எம்.1, பி.ஏ.பி.1, எஸ்.இ.டி.டி.2 ஆகிய மூன்று அடக்கும் மரபணுக்களும் அதே குட்டைக் கரத்தில் உள்ளன. கரம் ஒடிந்து தொலைந்தால் நான்கிலும் ஒவ்வொரு படி ஒருசேரப் போய்விடும். இதை விளக்க வண்டியும் உதவாது, இஸ்திரிப் பெட்டியும் உதவாது.

உவமை சொல்லிக் கற்பிப்பவர், அந்த உவமை எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.