பனியும் ஊரும்: அஜின்கோர்ட் தமிழ் வகுப்பில் சொல்லின் இரு பொருள்கள்

டொரொன்டோ நகரின் ஸ்கார்பரோவில் உள்ள அஜின்கோர்ட், 1415இல் பிரான்சில் நடந்த ஒரு போரின் பெயரைத் தாங்கியது. ஆங்கிலேயருக்கு அப்பெயர் வெற்றியை நினைவூட்டும், பிரெஞ்சுக்காரருக்குத் தோல்வியை. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கோ அது முகவரியின் ஒரு பகுதி. அக்குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ச் சொற்களிலும் இத்தகைய வேறுபாட்டையே எதிர்கொள்கின்றனர்.

சொற்பொருள் வெளிப்படையாகத் தெரிதலையும் குறிப்பால் தோன்றுதலையும் தொல்காப்பியம் இருவகையாகக் கொள்கிறது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் கருத்து, உணர்ச்சி, தொனி, நோக்கம் எனப் பொருளை நான்காகப் பகுத்தார். சொல்லை இடப்புறமும் அதன் ஆங்கிலப் பொருளை வலப்புறமும் நிறுத்திக் கற்பிக்கும் முறை, இவற்றுள் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

'பனி' என்ற சொல் தக்க சான்று. யாழ்ப்பாணத்தில் அது விடியற்காலைப் புல்லில் நிற்கும் நீர்த்துளி; மார்கழிக் குளிர். கனடாவில் அது வெண்மையாய்ப் பொழிந்து வாசலை மூடுவது. இங்குச் சுட்டப்படும் பொருளே மாறிவிட்டது. தொல்காப்பியம் பின்பனியைப் பாலைக்கு உரியதாக்குகிறது. பொருள் தேடிச் சென்ற தலைவனை எண்ணித் தனித்திருப்பவளின் நடுக்கத்தை அக்குளிர் மிகுவிக்கும். அத்தகைய பாடலை ஜனவரியில் வாசிக்கும் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஓடாத நாளும் சறுக்கு விளையாட்டும் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. அதைப் பிழையெனத் திருத்தும் ஆசிரியர், அகராதிப் பொருளுக்குரிய அளவுகோலை உணர்வின் மீது வைக்கிறார். பேசுபவர் யார், அருகில் இல்லாதவர் யார், பொழுது எது என்ற வினாக்களே பாடலின் உணர்வுக்கு வழிவிடும். காரின் மீது உறைந்த பனியை விடியுமுன் சுரண்டிவிட்டு வேலைக்குப் புறப்படும் தந்தையைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குப் பொருள்வயிற் பிரிவு முற்றிலும் அந்நியமானதும் அன்று. உரையாசிரியர்கள் இத்தகைய மாணாக்கரை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

'ஊர்' இதற்கு நேர்மாறானது. அதன் அகராதிப் பொருளில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுவதும் உணர்விலேயே உள்ளது. இச்சொல் எல்லை வகுக்கப்பட்ட நிலப்பகுதியை மட்டும் குறிப்பதன்று, பேசுபவரைப் பொறுத்தே பொருள்படுவது என்று வலன்டைன் டானியல் 1984இல் எழுதிய நூலில் விளக்கினார். திருமண மண்டபத்தில் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கப்படும் பிள்ளை "ஸ்கார்பரோ" என்றால், விடை இலக்கணப்படி சரியே, கேட்டவர் மட்டும் நிறைவடைவதில்லை. அவர் எதிர்பார்த்தது வடமராட்சியிலோ தீவகத்திலோ உள்ள ஒரு பெயரை. 1995 அக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவருக்கு அச்சொல்லில் இழப்பும் அடங்கியிருக்கிறது.

அவ்விழப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் பனையும் கிணறும் பூவரசும் நிறைந்த கட்டுரையை எதிர்பார்ப்பது, காணாததற்கு ஏங்கும்படி பிள்ளையைப் பணிப்பதாகும். பிள்ளை எழுதும், மதிப்பெண்ணும் கிடைக்கும். உணராததைச் சொல்வதற்கு உரிய மொழி தமிழ் என்ற பாடமும் உடன் சேரும். வீட்டில் ஆங்கிலமே மேலோங்கும் தலைமுறையில், எழுத்துப்பிழையைவிட இது கடும் சேதம். அப்பம்மாவிடம் அவருடைய ஊரைக் கேட்டு எழுதி, அருகிலேயே தன் ஊரையும் எழுதச் செய்யும் பயிற்சி இதனினும் நேர்மையானது. அத்தாளின் ஒரு பாதியில் பூவரசு நிற்கும். மறுபாதியில் பனி மூடிய வாசலோடு அஜின்கோர்ட் ஓர் ஊராக எழுதப்படும்.